பீட்டர்ஸ்பர்க் சுவத்துல ஒரு கோடு

பாக்காத ஒரு ஊர் மேல காதல் வருமான்னு கேட்டா, எங்க வயசு ஆளுங்க பல பேரு வரும்னுதான் சொல்வாங்க. எல்லாம் சோவியத் புத்தகங்கள் பண்ண வேலை. மாஸ்கோவில முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழ்லயே அச்சடிச்சு அனுப்புவாங்க. கெட்டி அட்டை, வழவழ தாள், விலையோ ரொம்பக் கம்மி. ரயில்வேல வேலை பாத்த எங்கப்பா, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி எங்க போட்டாலும் தாம்பரத்துலேர்ந்து ரயிலேறிப் போய் ஒரு பை நிறைய வாங்கிட்டு வருவார்.

அப்படித்தான் தஸ்தயேவ்ஸ்கியோட 'வெண்ணிற இரவுகள்' என் கைக்கு வந்தது. (ஜனநாதன் 2003ல எடுத்த 'இயற்கை' படம் இந்தக் கதையத் தழுவினதுதான்.) அதுலேர்ந்து பீட்டர்ஸ்பர்க் எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி. செங்கல்பட்டைத் தாண்டினா வந்துடும்னு ஒரு நினைப்பு :-)

நிஜமாவே போகற வாய்ப்பு 2019 ஜூன்ல வந்தது. ஆணி புடுங்கறதுக்காக ஆபீஸ்ல ரெண்டு வாரம் பின்லாந்துக்கு அனுப்பினாங்க. ஹெல்சின்கிலேர்ந்து அல்லெக்ரோன்னு ஒரு ரயில், மூணரை மணி நேரத்துல பீட்டர்ஸ்பர்க். சென்னையிலயே விசா வாங்கி வச்சிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஏறிட்டேன். (உக்ரைன் போருக்கு அப்புறம், 2022 மார்ச்சுல அந்த ரயிலை நிறுத்திட்டாங்க. இனிமே யாரும் அப்படிப் போக முடியாது.)

வெண்ணிற இரவு பொய்யே இல்லை மக்களே. சூரியன் மறையவே பத்தரை ஆகுது. அதுக்கப்புறமும் இருட்டறதே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நேவா நதிக்கரையில உக்காந்து புத்தகம் படிக்கலாம். அரண்மனை, மியூசியம், ராத்திரி தூக்கற பாலம்னு எல்லாரும் பாக்கறதை நானும் பாத்தேன். அதெல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வந்தது ஒரு கோட்டைப் பத்தி.

பீட்டர் பால் கோட்டைக்கு நதிப் பக்கமா ஒரு வாசல் இருக்கு. அந்த வளைவுக்குள்ள சுவத்துல வரிசையா கோடுகள், பக்கத்துல வருஷங்கள். எந்த வருஷ வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வந்ததுங்கற கணக்கு. 1777, 1924, 1975... எல்லாத்துக்கும் மேல 1824. அந்த வருஷம் தண்ணி வழக்கத்தை விட 4 மீட்டருக்கும் மேல ஏறியிருக்கு. ஊருக்குள்ள நீலப் பாலத்துப் பக்கத்துல இருக்கற கல்தூண்லயும் இதே மாதிரி அடையாளம் போட்டிருக்காங்க.

1703ல பீட்டர் மன்னர் சதுப்பு நிலத்துல, நதி கடல்ல கலக்கற இடத்துல கட்டின ஊர் அது. பால்டிக் கடல்ல புயலடிச்சா, காத்து தண்ணியைப் பின்லாந்து வளைகுடாவுக்குள்ள தள்ளும். உள்ள போகப் போக வளைகுடா குறுகும், ஆழமும் குறையும். தண்ணிக்குப் போக வேற வழியில்லாம நேவாவை எதுத்துக்கிட்டு ஊருக்குள்ள வந்துடும். முன்னூறு வருஷத்துல முன்னூறு வெள்ளத்துக்கு மேல வந்திருக்காம்.

அந்தச் சுவத்து முன்னாடி நின்னப்போ எனக்கு முடிச்சூர்தான் ஞாபகம் வந்தது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2015 டிசம்பர் 1. ஒரே நாள்ல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிங்க எல்லாம் ரொம்பி வழிஞ்சு, அடையாறு கரை மீறி எங்க பக்கம் வந்துடுச்சு. நடு ராத்திரியில அம்மாவையும் அப்பாவையும் மாடிக்கு ஏத்தினோம். காலையில பாத்தா கீழ ஜன்னல் வரைக்கும் தண்ணி. அடுத்த நாள் படகு வந்துதான் வெளிய போனோம். பிரிட்ஜ், பீரோ, பைக்கெல்லாம் திரும்ப வாங்கியாச்சு. அப்பாவோட சோவியத் அலமாரிதான் போனது போனதுதான். 'வெண்ணிற இரவுகள்' சேத்துக்குள்ள பிஸ்கட் மாதிரி ஊறிக் கிடந்தது. அப்பா எதுவும் பேசலை. ஒவ்வொண்ணா எடுத்து மொட்டை மாடியில காய வச்சார். ஒண்ணும் தேறலை.

தண்ணி வடிஞ்சதும் தெரு முழுக்க எல்லா வீட்டுச் சுவத்துலயும் ஒரே உயரத்துல ஒரு பழுப்புக் கோடு. பொங்கலுக்குள்ள எல்லாரும் பெயிண்ட் அடிச்சு அழிச்சுட்டாங்க. கோட்டைப் பாத்தா வீட்டு விலை போயிடும்னு பயம்.

கோட்டைச் சுவத்தைப் போட்டோ எடுத்து தங்கமணிக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். உடனே போன். "ஏங்க, அவ்ளோ தூரம் போயும் தண்ணி வந்த சுவத்தைத்தான் பாக்கணுமா?"

வெள்ளம் வந்தப்போ எங்களைப் பாத்து எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "ஏரியில எதுக்கு வீடு வாங்கினீங்க?" லேஅவுட்டுக்கு அனுமதி கொடுத்தது யாரு, ஓடையை மூடினது யாருன்னு கேக்க ஆளில்லை. 1824 வெள்ளத்தை வச்சு புஷ்கின் 1833ல 'வெண்கலக் குதிரைவீரன்' எழுதினார். அதுல எவ்கேனின்னு ஒரு ஏழை குமாஸ்தா. காதலியை வெள்ளம் கொண்டு போயிடும். பித்துப் பிடிச்சுப் போய், சதுப்புல ஊரைக் கட்டின பீட்டர் மன்னரோட சிலை முன்னாடி நின்னு முஷ்டியை உயர்த்துவான். ஜார் மன்னர் போட்ட ஆட்சேபத்தால, புஷ்கின் உயிரோட இருந்த வரைக்கும் அது முழுசா அச்சாகவே இல்லை. அந்தச் சிலை முன்னாடியும் போய் நின்னேன். எவ்கேனி எனக்கு எங்க தெரு ஆளாத்தான் தெரிஞ்சான்.

அவங்க கோட்டோட நிறுத்திக்கலை. 1979ல ஆரம்பிச்சு, நடுவுல பல வருஷம் கிடப்புல போட்டு, 2011ல 25 கிலோமீட்டருக்கு ஒரு தடுப்பணையைக் கட்டி முடிச்சாங்க. புயல் வந்தா கதவைச் சாத்திடறாங்க. கோடு கண்ணு முன்னாடி இருந்ததாலதான் அணை வந்ததுன்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்த ஊர்ல யாரும் "இங்கயா, தண்ணியா, வராதே சார்"னு சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும் தெரு முனையில ஒரு கல்லு நட்டு 2015 மட்டத்தைக் குறிக்கலாம்னு அக்கம்பக்கத்துல கேட்டுப் பாத்தேன். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு சார்"னாங்க. சரின்னு எங்க வீட்டு கேட் தூண்ல மட்டும் ஒரு கோடு வெட்டி, தேதி போட்டேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ தண்ணி ரெண்டாவது படி வரைக்கும் வந்தது. அதுக்கும் கீழ ஒரு கோடு போட்டாச்சு.

போன மாசம் பக்கத்து மனையைப் பாக்க ஒரு பையன் வந்தான். கையில லோன் பேப்பரு, கூட வயித்துப் பிள்ளைக்காரி பொண்டாட்டி. "அங்கிள், இங்க தண்ணி வருமா?"ன்னு கேட்டான். புரோக்கர் என்னை முறைச்சார். நான் எதுவும் பேசலை, தூணைக் காட்டினேன். அந்தப் பொண்ணு கிட்ட வந்து, அந்தக் கோடு தன்னோட எந்த உயரத்துக்கு வருதுன்னு கையை வச்சுப் பாத்துச்சு.