சொந்தமா ஒரு தபாலாபீஸ்

"ஓசியில மெயில் குடுக்கறதுக்கு அத்தனை பேர் வரிசையில நிக்கும்போது, மாசாமாசம் காசு கட்டி சொந்தமா மெயில் சர்வர் வச்சிருக்கிற ஒரே ஆளு நீங்கதான் மாப்ளே"ன்னு மச்சான் அடிக்கடி ஓட்டுவார். அவரோட மெயிலும் அதே சர்வர்லதான் இருக்குங்கிறது வேற விஷயம் :)

காரணம் இருக்கு. எங்க சித்தப்பா ரிட்டையர்டு தமிழ் வாத்தியார், திருநெல்வேலிப் பக்கம். வாட்ஸப்ல ரெண்டு வரி தட்டுறதெல்லாம் அவருக்கு ஆகாது. எழுதினா லெட்டர், அதுவும் "அன்புள்ள"ல ஆரம்பிச்சு நாலு பக்கம். சில வருஷம் முன்னாடி பூர்வீக வீட்டை விக்கிறதைப் பத்தி ஒரு நீளமான மெயில் போட்டு, "உனக்குச் சம்மதந்தானா?"ன்னு கேட்டிருக்கார். அப்ப நான் வச்சிருந்த இலவச மெயில் அதைக் குப்பைப் பெட்டியில தள்ளிடுச்சு. முப்பது நாள்ல அங்கேருந்தும் தானா அழிஞ்சு போச்சு. எனக்கு லெட்டர் வந்ததே தெரியாது. அவரோ, பய பெரிய மனுஷனாயிட்டான், பதில் போடக்கூட நேரமில்லைன்னு நினைச்சு எட்டு மாசம் பேசலை. கடைசியில ஒரு கல்யாணத்துல பாத்தப்ப, "ஏம்டே, லெட்டர் போட்டேம்லா, பதிலையே காணும்?"னு கேட்டார். அதுக்குள்ள வீடு கைமாறியாச்சு.

எதுக்காக அந்த லெட்டர் குப்பையாச்சுன்னு யார்கிட்ட போய்க் கேக்கறது? ஓசிக் கடையில கஸ்டமர் கேர் கிடையாதே. குப்பையை வடிகட்டுறது நல்ல விஷயம்தான். ஆனா இதுல ரெண்டு விதமான தப்பு நடக்கும். குப்பை உள்ள வந்துட்டா ஒரு செகண்ட்ல அழிச்சிடலாம். நல்ல லெட்டர் வெளிய போனா, போனதே நமக்குத் தெரியாது. இந்த ரெண்டாவது தப்பு நடக்கும்போது ஏன் நடந்துச்சுன்னு எனக்குக் காரணம் தெரியணும். அதுக்குத்தான் இந்த வம்பெல்லாம்.

(ஸ்பேமுக்கு எரிதம்னு நம்மாளுங்க அழகா ஒரு பேர் வச்சாங்க. நான் என்னமோ குப்பைன்னே எழுதிப் பழகிட்டேன்.)

நிற்க. மேட்டருக்கு வருவோம்.

மெயில் சர்வர்ங்கறது ஒரே சாமான் இல்ல. நம்மூர் தபாலாபீஸ்ல பை வாங்க ஒருத்தர், பிரிச்சு அடுக்க ஒருத்தர், வீட்ல கொண்டு குடுக்க ஒருத்தர்னு இருப்பாங்கல்ல, அப்படி. வெளியிலேருந்து வாங்கறதும் வெளிய அனுப்பறதும் போஸ்ட்ஃபிக்ஸ். வீட்ஸே வெனிமா 1998ல வெளியிட்டது, இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்குது. வந்த லெட்டரைப் பெட்டியில வச்சிருந்து நம்ம போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எடுத்துக் குடுக்கறது டவ்காட். நடுவுல உக்காந்து இது லெட்டரா குப்பையான்னு பாக்கறது ஆர்ஸ்பேம்டி. முன்னாடியெல்லாம் இதுகளை ஒவ்வொண்ணா நிறுவி, ஒண்ணோட ஒண்ணைக் கோக்கறதுக்குள்ள ஒரு வாரம் போயிடும். இப்ப டாக்கர் இருக்கு. எல்லாத்தையும் ஒரே டப்பாக்குள்ள அடைச்சு, டாக்கர்-மெயில்சர்வர்னு ஒரு திறமூலத் திட்டம் தருது. மெயில்கவ்னு இன்னொண்ணும் உண்டு. வெப்ல பளபளன்னு திரையெல்லாம் வரும், ஆனா அது 6 ஜிபி மெமரி கேக்கும். நான் வாடகைக்கு எடுத்திருக்கறது 2 ஜிபி மெஷின். அதனால முதல்ல சொன்னதுதான்.

வைரஸ் பாக்குற கிளாம்ஏவியையும் இதுக்குள்ளயே ஓட விடலாம். அது ஒண்ணே ஒரு ஜிபிக்கு மேல தின்னும். எங்க வீட்டாளுங்களுக்கு வர்ற மெயிலுக்கு அது தேவையில்லைன்னு நிறுத்தி வச்சிருக்கேன்.

டப்பாவைப் பத்தி ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கணும். டப்பா நிரந்தரமில்ல. புது வெர்ஷன் வந்தா பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வைக்கிறதுதான் அதோட சௌகரியமே. அதனால லெட்டர், செட்டிங், லாகு, வடிகட்டி இதுவரைக்கும் கத்துக்கிட்டது எல்லாம் டப்பாவுக்கு வெளிய, நம்ம மெஷின்ல தனி ஃபோல்டர்ல இருக்கணும். பேக்கப் எடுக்க வேண்டியதும் அந்த ஃபோல்டரைத்தான்.

நிறுவிறதைப் பத்தி நெட்ல ஆயிரம் பேர் எழுதியாச்சு. டப்பாவுக்குள்ள மெயில் ஓடுதுங்கறதால வர்ற ரெண்டு சிக்கலைத்தான் யாரும் அழுத்திச் சொல்றதில்ல.

முதலாவது, வாசல்ல வர்றது யாருன்னு தெரியாமப் போறது. மெஷினுக்கு ஐபிவி6 முகவரி இருக்கும், டப்பாவோட உள்வலைக்கு இருக்காது. அப்ப ஐபிவி6 வழியா வர்றவங்களை டாக்கர் தானே வாங்கி உள்ள கடத்தி விடும். போஸ்ட்ஃபிக்ஸ் பார்வைக்கு அத்தனை பேரும் ஒரே ஐபியிலேருந்து, அதுவும் வீட்டுக்குள்ளயே இருக்கற ஐபியிலேருந்து வர்ற மாதிரி தெரியும். வாட்ச்மேன் எல்லாரையும் பின்கட்டு வழியா கூட்டிட்டு வந்து விட்டா எப்படி இருக்கும், அதே கதை. உள்வலையை நம்புன்னு செட்டிங் இருந்தா, உலகத்துல யார் வேணா நம்ம சர்வர் வழியா யாருக்கு வேணா குப்பை அனுப்பலாம். ஒரே ராத்திரியில நம்ம ஐபி பேர் நாறிடும். டாக்கர் உள்வலைக்கும் ஐபிவி6 குடுக்கணும், இல்ல மெஷின்லயே அதை நிறுத்தணும். கூடவே இன்னொண்ணு: டாக்கர் திறக்கற போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ மாதிரி ஃபயர்வாலைச் சுத்திக்கிட்டுப் போயிடும். பூட்டிட்டோம்னு நாம நினைச்சிட்டு இருப்போம், கதவு திறந்தே கிடக்கும்.

ரெண்டாவது, கறுப்புப் பட்டியல். ஸ்பேம்ஹாஸ் மாதிரி அமைப்புகள் குப்பை அனுப்பற ஐபிகளைப் பட்டியல் போட்டு வச்சிருக்கு. ஒரு மெயில் வந்ததும் அந்த ஐபி பட்டியல்ல இருக்கான்னு டிஎன்எஸ் மூலமா கேட்டுக்கலாம். ஆனா 8.8.8.8 மாதிரி பொது டிஎன்எஸ் வழியா கேட்டா அவங்க பதில் சொல்ல மாட்டாங்க. 127.255.255.254ன்னு ஒரு கையை விரிக்கிற பதில்தான் வரும். அதைப் போய் "பட்டியல்ல இருக்கு"ன்னு ஒரு வடிகட்டி புரிஞ்சுக்கிட்டா, வர்ற அத்தனை லெட்டரும் காலி. அதனால அன்பவுண்ட்னு ஒரு சின்ன டிஎன்எஸ் சர்வரை இன்னொரு டப்பாவுல போட்டு, மெயில் டப்பா அதுகிட்டயே கேக்கற மாதிரி வச்சேன்.

அடுத்தது நாம யாருன்னு நிரூபிக்கிற வேலை. ஜான் போஸ்டல் எஸ்எம்டிபி விதிகளை 1982ல எழுதினப்ப, அனுப்புநர் யாருன்னு யாரும் சந்தேகப்படலை. இன்லாண்ட் லெட்டர் பின்பக்கம் அனுப்புநர்னு யார் பேரை வேணா எழுதிப் போடலாம்ல, அப்படித்தான் இருந்துச்சு. (இத்தனைக்கும் முதல் குப்பை மெயில் 1978லயே வந்தாச்சு. டெக் கம்பெனி கம்ப்யூட்டரை விக்கறதுக்காக கேரி துர்க் சுமார் 400 பேருக்கு ஒரே மூச்சுல அனுப்பினார்.) அந்த ஓட்டையை அடைக்க அப்புறமா மூணு ஒட்டு போட்டாங்க. எங்க பேர்ல மெயில் அனுப்ப இந்த ஐபிக்குத்தான் உரிமைன்னு சொல்றது எஸ்பிஎஃப். லெட்டருக்கு வைக்கிற அரக்கு முத்திரை டிகிம். இது ரெண்டும் பொருந்தலைன்னா என்ன செய்யணும்னு சொல்றது டிமார்க். மூணும் டிஎன்எஸ்ல ஆளுக்கொரு வரி. இது போக ஐபியிலேருந்து பேரைக் கண்டுபிடிக்கிற பிடிஆர் பதிவு. அது நம்ம டொமைன்ல இல்ல, மெஷின் வாடகைக்குக் குடுத்தவன் கையில இருக்கும். 2024 பிப்ரவரியிலேருந்து கூகுளும் யாஹூவும் இதையெல்லாம் கண்டிப்பாக்கிட்டாங்க. சின்ன ஆளா இருந்தாலும் குறைஞ்சது எஸ்பிஎஃப் இல்ல டிகிம் ஒண்ணாவது இருக்கணும். நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்பறவனுக்கு மூணும் வேணும்.

இப்ப வடிகட்டி. இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

ஆர்ஸ்பேம்டி ஒவ்வொரு லெட்டருக்கும் மார்க் போடும். டிகிம் சரியா இருக்கா, கொஞ்சம் கழி. ஐபி கறுப்புப் பட்டியல்லயா, கூட்டு. இப்படி நிறைய. இயல்பா 4 மார்க்கு வந்தா "கொஞ்ச நேரம் கழிச்சு வா"ன்னு திருப்பி அனுப்பும். நிஜமான சர்வர் திரும்ப வரும், குப்பை அனுப்பறவன் பாதி பேர் வர மாட்டான். 6 வந்தா குப்பைன்னு முத்திரை. 15 வந்தா வாசலோட நிராகரிப்பு. இதெல்லாம் லெட்டரோட தலைப்பகுதியில வரிவரியா எழுதி இருக்கும். சித்தப்பா லெட்டருக்கு நான் தேடின பதில் இந்த மாதிரி ஒரு ரசீதுதான்.

இந்த மார்க்குல பெரிய பங்கு பேய்ஸ் கணக்குக்கு. எந்தச் சொற்கள் குப்பையில அதிகம் வருது, எது நல்ல லெட்டர்ல அதிகம் வருதுன்னு எண்ணிப் பாத்து முடிவு பண்றது. 2002ல பால் கிரஹாம் எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் இது ஊரெல்லாம் பரவுச்சு. இது பிறக்கும்போது ஒண்ணும் தெரியாத பிள்ளை. 200 குப்பை, 200 நல்ல லெட்டர் காட்டுற வரைக்கும் ஆர்ஸ்பேம்டியில இது வாயே திறக்காது. குப்பைக்குப் பஞ்சமில்ல. நல்ல லெட்டருக்கு என் பழைய மெயில்களை ஊட்டினேன். பெரும்பாலும் ஆபீஸ் இங்கிலீஷ் மெயில்.

சர்வர் ஓட ஆரம்பிச்சு ரெண்டாவது மாசம் சித்தப்பா லெட்டர் வந்துச்சு. நேரா குப்பைப் பெட்டிக்கு!

ரசீதைப் பிரிச்சேன். முத்திரை சரி, ஐபி சரி, எல்லாம் சரி. பேய்ஸ் மட்டும் கிட்டத்தட்ட 100 சதவீதம் குப்பைன்னு சொல்லி மார்க்கை ஏத்தி விட்டிருக்கு. எந்தச் சொல்லுன்னு அது சொல்லாது, சொற்களைக் குறியீடா மாத்தித்தான் வச்சிருக்கும். ஆனா லெட்டரைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தாத்தா வாங்கின வயலைப் பத்தி எழுதியிருக்கார். பட்டா, பத்திரம், சென்ட், கிரயம், ரோட்டு முகப்பு. எனக்குத் தமிழ்ல வர்ற குப்பை எல்லாம் என்ன? மனை விற்பனைக்கு! உடனடிப் பத்திரப்பதிவு! பட்டா நிலம், சென்ட் இவ்வளவு! அந்தப் பிள்ளை அதுவரைக்கும் பாத்த தமிழே ரியல் எஸ்டேட் தமிழ்தான். தமிழ்ல எழுதினாலே மனை விக்கிறவன்னு முடிவு பண்ணிடுச்சு.

அதுக்கு மருந்து சுலபம். லெட்டரைக் குப்பையிலேருந்து எடுத்து இன்பாக்ஸ்ல போட்டா, டவ்காட் அதை "இது நல்லது"ன்னு ஆர்ஸ்பேம்டிக்குச் சொல்லிக் குடுக்கும். ஒண்ணு போதாது. சித்தி, அத்தை, பெரியம்மா மக்கள்னு எல்லார்கிட்டயும் கேட்டு, குடும்பத்துக்குள்ள போன பழைய தமிழ் லெட்டர் எல்லாத்தையும் வாங்கி ஊட்டினேன். கோயில் கொடை, ஆச்சிக்குக் கண் ஆபரேஷன், பேரன் மார்க்கு, வயல்ல தண்ணி. கொஞ்ச நாள்ல பட்டாவும் பத்திரமும் ரெண்டு பக்கமும் சமமாச்சு. இப்ப சித்தப்பா எவ்வளவு சென்ட் எழுதினாலும் மார்க்கு ஒண்ணைத் தாண்டறதில்ல.

ஒரு தீராத வழக்கும் உண்டு. மச்சானுக்கு ஷேர் மார்க்கெட் டிப்ஸ் மெயில் அமுதம், எனக்கு அது குப்பை. வீட்டுக்கே ஒரு பேய்ஸ்தான், அதனால அவர் எடுத்து உள்ள போட, நான் தூக்கி வெளிய போடன்னு அந்தப் பிள்ளை குழம்பி நிக்குது. ஆளுக்கொரு கணக்கு வைக்க வழி இருக்கு. ஆனா வருஷத்துக்கு இருபது மெயில் வர்ற அத்தைக்கு 200 எப்பச் சேரும்?

நிராகரிப்பை நான் நிறுத்திட்டேன். எவ்வளவு மார்க்கு வந்தாலும் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும், தானா அழியாது. ஞாயித்துக்கிழமை காலையில காபியோட உக்காந்து நானே ஒருதடவை ஓட்டிப் பாத்துடுவேன். பத்து நிமிஷ வேலை.

உள்ள வர்றது இப்படின்னா, வெளிய போறதுதான் நம்ம கையில இல்ல. பல இடத்துல 25ஆம் போர்ட்டே அடைச்சிருப்பாங்க, கெஞ்சி எழுதித்தான் திறக்கணும். எனக்குக் கிடைச்ச ஐபியில முன்னாடி குடியிருந்தவன் என்ன பண்ணினானோ, அது ஒரு பட்டியல்ல இருந்துச்சு. எழுதிக் குடுத்து நீக்கினோம். அப்படியும் ஒரு பெரிய மெயில் கம்பெனி ரொம்ப நாள் எங்க லெட்டரைக் குப்பையிலயே போட்டுச்சு, காரணம் சொல்லாம. தொழிலுக்கு மெயிலை நம்பி இருக்கறவங்க, வெளிய அனுப்பறதுக்கு மட்டும் காசு குடுத்து ஒரு ரிலே வச்சுக்கறதுல தப்பே இல்ல. வடிகட்டி அப்பவும் நம்ம கையிலதான் இருக்கும்.

சர்வர் படுத்துட்டா என்னன்னு கேப்பீங்க. ஒண்ணும் ஆகாது. மெயில் பொறுமையான ஜாதி. அனுப்பற சர்வர் நாலஞ்சு நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும்.

நான் படுத்துட்டா என்னங்கறதுதான் கேள்வி. பதினோரு பேர் மெயில் இதுல இருக்கு. அதனால ஒரு நாப்பது பக்க நோட்டுல தமிழ்ல எழுதி பீரோவுல வச்சிருக்கேன். டொமைன் எங்க வாங்கினது, என்னைக்குப் புதுப்பிக்கணும், பேக்கப் எங்க இருக்கு, ஏதாவது ஒரு கட்டண மெயில்காரன்கிட்ட போய் எம்எக்ஸ் பதிவை எப்படி மாத்தச் சொல்றது. முகவரி நம்ம டொமைன்லங்கறதால சர்வர் மாறினாலும் யாரோட முகவரியும் மாறாது. வீட்டம்மா படிச்சுப் பாத்துட்டு மூணாம் பக்கம் புரியலைன்னு சொன்னாங்க. அதை இந்த ஞாயித்துக்கிழமை திருப்பி எழுதணும்.