பால் இருக்கிறது, டிகாஷன்தான் இல்லை

ஜனவரி 9, வெள்ளி

விடியுமுன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு குருவிநத்தத்திலிருந்து பாகூர் ஏரிக்கரைக்குப் போனேன். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி இதுதான். தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதில் வந்து சேர்கிறது. மார்கழிப் பனி விலக விலக நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கண்ணில் படுகின்றன. இந்த மாதங்களில் பைனாகுலரும் கேமராவுமாக வெளியூர்க்காரர்கள் வருவார்கள். பறவை பார்த்துக் கை விறைத்துத் திரும்புபவர்கள், “இங்க நல்ல காப்பி எங்கங்க கிடைக்கும்?” என்றுதான் விசாரிக்கிறார்கள்.

ஊர் டீக்கடையில் டீ அருமை. பாய்லர் தண்ணீர் கொதிக்க, வடிகட்டித் துணியில் தூள் மணக்க, கேட்ட மாத்திரத்தில் கைக்கு வருகிறது. காப்பி கேட்டால் பாக்கெட்டைக் கிழித்து இன்ஸ்டன்ட் தூளைக் கொட்டி, பால் ஊற்றி ஆற்றித் தருகிறார்கள். சூடு இருக்கிறது. மணம் இல்லை.

ஜனவரி 10, சனி

அக்கா வீட்டு எதிரில் காலையில் பால் கறக்கிறார்கள். கேனில் ஊற்றி சொசைட்டிக்குக் கொண்டுபோவதற்கு முன், நமக்கு ஒரு சொம்பு தனியாக வந்துவிடுகிறது. பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். நெல் விளைகிற இடத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வைக்கோல் இருந்தால் மாடும் இருக்கும். கிராமத்துச் சங்கங்களில் சேரும் பால்தான் பான்லே கூட்டுறவுப் பால் பாக்கெட்டாக நகரத்து வீடுகளுக்குப் போகிறது.

அக்காவிடம் ஒரு பித்தளை பில்டர் உண்டு. மேல் அடுக்கில் தூளைப் போட்டு, குடை மாதிரி இருக்கும் அமுக்கியை லேசாக வைத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடுகிறாள். அழுத்தி வைத்தால் டிகாஷன் இறங்காது. வைக்காமலே விட்டால் நீர்த்துப்போகும். இருபது நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது. இறங்கியதை மறுபடி அடுப்பில் வைப்பது அவளுக்கு மகாபாவம். பால்தான் கொதிக்க வேண்டும். கறந்த பாலில் விட்ட முதல் டிகாஷன் காப்பியைக் குடித்த பிறகு, பால் கொடுக்கிற ஊரே பாக்கெட் தூளில் காப்பி குடிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

ஜனவரி 12, திங்கள்

பஸ் பிடித்துப் புதுச்சேரி. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காப்பி. 1950-களில் காப்பி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலை போன தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று வழிகாட்ட, கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து வளர்த்த அமைப்பு இது. யான் மார்ட்டெல் 2001-இல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் கதை பிடிபடும் இடமும் இந்த நேரு வீதிக் காபி ஹவுஸ்தான். உழைப்பவர்கள் கூடி நடத்தும் கடையில் மலிவான காப்பி குடிக்கலாம் என்பதை அந்தத் தொழிலாளர்கள் நிரூபித்துக் காட்டினார்கள்.

பிறகு, காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையில் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு ரகக் கொட்டைகளைச் சரிபாதி கலந்து, சிக்கரி கொஞ்சமாகப் போட்டு வாங்கினேன். சிக்கரி நிறமும் கெட்டியும் கொடுக்கும். கூடினால் காப்பியின் மணத்தை விழுங்கிவிடும். சட்டப்படி கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், அந்த அளவு பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அந்தச் சின்ன எழுத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

தூளோடு டீக்கடைக்குப் போனேன்.

“அண்ணே, பில்டர் காப்பி ஏன் போடறதில்ல?”

“போடலாம்மா. டீன்னா ஆளு வர வர போட்டுக் குடுத்துடலாம். டிகாஷன் எறக்கி வச்சு, குடிக்க ஆளு இல்லன்னா மத்தியானம் கொட்டணும். தூள் விக்கிற வெலையில கட்டுமா?”

அவர் சொல்வது நியாயம். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சியால் விளைச்சல் குறைந்து, 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் உலகச் சந்தையில் காப்பி விலை உச்சத்துக்குப் போனது. அந்தச் சூடு நம் ஊர் டம்ளர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

“சின்ன பில்டர் ஒண்ணு போதும்ணே. விடிகாலையில மட்டும், ஏரிக்கு ஆளு வர்ற மாசத்துல மட்டும்.”

ஒரு டம்ளர் போட்டுக் காட்டினேன். இரண்டு வாய் குடித்தார்.

“சனி, ஞாயிறு எறக்கிப் பாக்குறேன். ஆளு வந்தா வாரம் பூரா போடலாம்.”

ஜனவரி 14, புதன், போகி

பழையதை எரித்த புகை இன்னும் தெருவில். அக்கா இன்று சுக்குக் காப்பி வைத்தாள். சுக்கையும் மல்லியையும் தட்டி, நாலு மிளகு சேர்த்து, பனைவெல்லம் போட்டுக் கொதிக்கவிட்டாள். பாலும் வேண்டாம், பில்டரும் வேண்டாம். பனிக் காலையில் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் பிளாஸ்கில் எடுத்துப்போக இதைவிடத் தோதானது இல்லை.

ஏரி பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காப்பிக்காகக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ வண்டியைத் திருப்பாதீர்கள். ஊர் டீக்கடையில் உட்காருங்கள், “பில்டர் காப்பி இருக்கா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேப்பர் கப் வேண்டாம், கண்ணாடி டம்ளரில் கொடுங்கள் என்று சொல்லுங்கள். ஏரிக்கரையில் குப்பை சேராது. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பில்டர் வாங்கிவிடுவார்.