பழைய ராட்டினமும் கைப்பிடிச்சுவரும்



இந்த வாரத் தியானத்திற்கு உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்றும், எழுப்பாமல் விட்டு ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் சேரும் என்றும் அங்கே கட்டளையிடப்பட்டிருக்கிறது. பலிகளையும் பண்டிகைகளையும் பற்றிப் பேசுகிற அதே நியாயப்பிரமாணம், ஒரு மாடிச் சுவரைப் பற்றியும் பேசுகிறது. பலிபீடத்தின் அருகே நம்மைக் காண்கிற தேவன், நம் வீட்டு மொட்டைமாடியிலும் நம்மைக் காண்கிறார்.

இந்த வசனத்தை நான் தேடிப் போகவில்லை. எங்கள் சேகரக் கமிட்டியில் எழுந்த ஒரு விவாதம் என்னை இதனிடம் கொண்டுவந்து சேர்த்தது. ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையின்போது ஆலய வளாகத்தில் ஒரு ராட்டினம் போடப்படும். பெரிய ராட்டினம் அல்ல. எட்டுத் தொட்டில்கள் கொண்டது. அதன் உரிமையாளர், இப்போது முதியவர், தம் தகப்பனார் காலந்தொட்டு அதை ஊர் ஊராகக் கொண்டுசெல்கிறார். மாரியம்மன் பொங்கலுக்குச் சுற்றும் அதே ராட்டினம் தர்கா கந்தூரிக்கும் சுற்றும். எங்கள் பண்டிகைக்கும் சுற்றும். இவ்வாண்டு அதை அனுமதிக்கலாமா, அல்லது இத்தோடு நிறுத்திவிடலாமா என்பதே கேள்வி.

"நாப்பது வருஷமா சுத்துது ஐயா, ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல" என்றார் மூத்த அங்கத்தினர் ஒருவர். "ஆன பிறகு பேசி என்ன பிரயோஜனம்? நிறுத்திருவோம்" என்றார்கள் வாலிபர்கள். மூன்றாவதாக ஒருவர் சமாதானம் சொன்னார்: "புதுசா பெயின்ட் அடிச்சு, கலர் லைட் போட்டுட்டா பழசுன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

அன்பானவர்களே, இந்த மூன்று குரல்களும் எங்கள் கமிட்டியில் மட்டும் ஒலிப்பவை அல்ல. மனிதர் பெருங்கூட்டமாய்க் கூடி மகிழும் இடமெங்கும் இவை கேட்கின்றன. அவற்றுள் மிகவும் ஆபத்தானது எது என்று கேட்டால், மூன்றாவது குரல் என்றே சொல்வேன்.

குஜராத்தின் மோர்பி நகரத்தை நினைத்துப் பாருங்கள். மச்சு நதியின் மேல் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தொங்குபாலம் அங்கே இருந்தது. மக்கள் சீட்டு வாங்கி, குடும்பத்தோடு நடந்து, ஊஞ்சல்போல் அது அசைவதை அனுபவித்த பாலம். பழுதுபார்ப்பதற்காக 2022-இல் பல மாதங்கள் அதை மூடி வைத்தார்கள். அக்டோபர் 26 அன்று, குஜராத்திப் புத்தாண்டு நாளில், புதுப்பொலிவுடன் திறந்தார்கள். நான்கே நாட்களில், அக்டோபர் 30 மாலையில், அது அறுந்து விழுந்தது. 135 பேர் மாண்டார்கள். பின்பு நடந்த விசாரணையில் வெளிவந்த செய்தி நெஞ்சை அறுக்கிறது: பாரத்தைத் தாங்கிய பிரதான வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன. நடக்கும் தளம் புதிதாயிற்று. தாங்கும் வடம் பழையதாகவே நின்றது. கண்ணுக்குத் தெரிந்ததைப் புதுப்பித்தார்கள். உயிர் தொங்கிக்கொண்டிருந்த இடத்தை அப்படியே விட்டார்கள்.

நம் மாநிலத்திலும் துயரம் உண்டு. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், தாம்பரத்திற்கு அருகே கிஷ்கிந்தா என்னும் கேளிக்கைப் பூங்காவை உருவாக்கினார். நம் ஊர்களிலிருந்தும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் போய்வந்த இடம் அது. 2016 மே மாதத்தில் அங்கே ஒரு ராட்டினம் சோதனை ஓட்டத்தின்போது சரிந்து விழுந்தது. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றார்கள். சோதித்துப் பார்க்கிற தொழிலாளியும் ஒரு தாயின் பிள்ளைதான் என்பதை அந்த நாள் நமக்கு உணர்த்தியது.

அப்படியானால் பழையவற்றையெல்லாம் மூடிவிடுவதே தேவபக்தியா? அவசரப்பட வேண்டாம். வயதை மட்டும் குற்றமாக்குவது நியாயமாகாது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் டிவோலி என்ற பூங்கா 1843 முதல் இருக்கிறது. அங்கே 1914-இல் கட்டப்பட்ட மரத்தாலான மலைச் சவாரி இன்றும் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு வண்டியிலும் பிரேக்கைப் பிடிக்கிற பணியாளர் ஒருவர், பயணிகளோடு தாமும் அமர்ந்து செல்கிறார். பிள்ளைகள் விழுந்தால் தாமும் விழ வேண்டிய இடத்தில் பொறுப்புள்ளவர் உட்கார்ந்திருக்கிறார். நூறு வயதைக் கடந்த பின்பும் அந்தச் சவாரியின்மேல் ஜனங்கள் நம்பிக்கை வைப்பதில் வியப்பில்லை.

நியூயார்க் கடற்கரையில் உள்ள கோனி ஐலண்டில் மூன்று பழைய சவாரிகளுக்கு மூன்று விதமான முடிவுகள் நேர்ந்தன. 1927-இல் திறக்கப்பட்ட சைக்ளோன் என்னும் மர ரோலர் கோஸ்டரை 1970-களில் இடித்துவிட நினைத்தார்கள். அதை நேசித்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அது செப்பனிடப்பட்டு இன்றும் ஓடுகிறது. பாராசூட் ஜம்ப் என்னும் உயர்ந்த கோபுரத்தில் சவாரி 1960-களிலேயே நின்றுவிட்டது. ஆனால் கோபுரம் நினைவுச் சின்னமாக விளக்கொளியில் நிற்கிறது. தண்டர்போல்ட் என்னும் மூன்றாவது, ஓட்டம் நின்று பல ஆண்டுகள் புதர்மண்டிக் கிடந்தபின் 2000-இல் இடித்து அகற்றப்பட்டது. ஒன்று புதுப்பிக்கப்பட்டது, ஒன்று ஓய்வு பெற்றது, ஒன்று அகற்றப்பட்டது. மூன்றும் வெவ்வேறு முடிவுகளே. எனினும் பழுதோடு ஓடவிடுவது இவற்றில் எதுவும் அல்ல.

இவ்வளவு தூரம் போவானேன்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஓடும் பெரிய தேரை நம்மில் அறியாதவர் யார்? அது நம் அயலாரின் வழிபாட்டுக்குரியது. அதை மதிப்போடுதான் குறிப்பிடுகிறேன். ஒரு காலத்தில் அது நிலைக்கு வந்து சேர நாட்கள் பல ஆகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபின் அந்த நிலை மாறிற்று. திருவாரூரின் ஆழித்தேரும் அப்படியே. 1948-க்குப் பின் ஓடாமல் நின்ற அது, 1970-இல் மீண்டும் வீதிக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் பிரேக்கும் இன்று அதைத் தாங்குகின்றன. வடம் பிடிக்கிற கைகள் அப்படியே இருக்க, சக்கரம் மாறியது. எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அறிந்து செய்வதே செப்பனிடுதல்.

எங்கள் கமிட்டியில் அன்று எல்லாரையும் சிந்திக்க வைத்தவர், ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்ற சகோதரர். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். "ஐயா, இரும்புக்கும் களைப்பு உண்டு. ஒரே இடத்துல ஆயிரம் தடவை, லட்சம் தடவை பாரம் ஏறி இறங்கினா, வெல்டிங் ஓரத்துல முடிமாதிரி ஒரு விரிசல் விடும். பெயின்ட் அடிச்சா அந்த விரிசல்தான் முதல்ல மறையும்" என்றார். மில்லில் எந்த இயந்திரமும் எவ்வளவு காலம் ஓடிற்று என்பதைக் கணக்கிட்டே பேரிங்கை மாற்றுவார்கள் என்றும், உடைந்தபின் மாற்றுவது பராமரிப்பு ஆகாது என்றும் விளக்கினார். நாற்பது ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் அவருடைய கணக்கில் ஆறுதல் தரவில்லை. நாற்பது ஆண்டுகளின் களைப்பு அந்த இரும்புக்குள் சேர்ந்திருக்கிறது என்பதே அவர் அதிலிருந்து புரிந்துகொண்டது.

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய பிரமாணம் ஒன்று உண்டு. மாடு எதிர்பாராமல் ஒருவனை முட்டிக் கொன்றால் எஜமான் தண்டனைக்கு நீங்கலாகிறான். முன்பே முட்டுகிற மாடு என்று அறிந்து, எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காமல் விட்டவன் கொலைப்பழிக்கு உள்ளாகிறான். அறியாமைக்கும் அறிந்தும் அசட்டையாயிருப்பதற்கும் நடுவே வேதம் தெளிவாகக் கோடு கிழிக்கிறது. அந்தச் சகோதரர் பேசி முடித்த கணத்தில் நாங்கள் எல்லாரும் எச்சரிக்கப்பட்டவர்கள் ஆனோம். அதன்பின் ராட்டினத்தைச் சோதிக்காமல் சுற்றவிட எங்களுக்கு வழியில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் நீங்கள் காண வேண்டும். மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிற ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல எத்தனை மாதச் சேமிப்பு வேண்டும்? அந்தப் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் என்ன, வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பது என்றால் என்ன என்று காட்டுவது இந்த எட்டுத் தொட்டில்தான். உச்சிக்குப் போகும்போது மேற்கே மலைத்தொடர் தெரியும், பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். சகரியா தீர்க்கதரிசி மீட்கப்பட்ட எருசலேமை வர்ணிக்கையில், அதன் வீதிகளில் விளையாடுகிற பிள்ளைகளை மறக்கவில்லை. ஏழைப் பிள்ளையின் விளையாட்டை, பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் பறித்துவிட்டு நிம்மதியாய் வீடு திரும்புவதும் நமக்குத் தகாது. அந்த முதியவரின் குடும்பத்துக்கோ அதுவே அரிசியும் பருப்பும்.

அவரை நேரில் சந்தித்துப் பேசினேன். அவர் சொன்ன பதில் என் உள்ளத்தில் தைத்திருக்கிறது: "பெயின்டுக்குக் காசு குடுக்க எல்லா ஊர்லயும் ஆள் இருக்காங்க ஐயா. அவங்க பேரை எழுதி வைக்கலாமில்ல. பேரிங்குக்குக் குடுக்கத்தான் யாரும் இல்ல."

இந்தப் பதிலோடு 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தைச் சேர்த்து வாசியுங்கள். யோவாஸ் ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் ஆலயத்தின் பழுதுகள் பார்க்கப்படவில்லை. ஆசாரியர்கள் இருந்தார்கள், பணமும் வந்தது, ஆனாலும் பழுது பழுதாகவே இருந்தது. அப்போது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். அதில் சேர்ந்த பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் போயிற்று; வெள்ளிக் கிண்ணங்களுக்கும் எக்காளங்களுக்கும் அது செலவிடப்படவில்லை. பார்வைக்கு அழகாய் இருப்பதைப் பிறகு செய்யலாம், தாங்குகிறதை முதலில் செய் என்பதே அந்தப் பெட்டியின் போதனை.

நாங்கள் எடுத்த தீர்மானம் எளிமையானது. எங்கள் ஆலயத்திலும் ஒரு பெட்டி வைத்தோம். அச்சு, பேரிங், பிணைக்கும் ஊசிகள், வெல்டிங் ஓரங்கள் ஆகிய யாவும் தகுதியுள்ள ஒரு பொறியாளரால் சோதிக்கப்பட வேண்டும். அதன்பின் ஆட்களை ஏற்றாமல் மணல் மூட்டைகளை ஏற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால் இவ்வாண்டு ராட்டினம் சுற்றும். கொடுக்காவிட்டால் சுற்றாது, அந்த மூன்று நாள் வருமானத்தைச் சபை அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கும். அடுத்த பண்டிகைக்குள்ளும் தேறாவிட்டால், நன்றியோடு அதற்கு ஓய்வு கொடுத்து, அவருடைய பிள்ளைகளுக்கு வேறு தொழிலுக்கு வழிதேட உதவுவோம். இதை எழுதுகிற இந்நாளில் பொறியாளரின் பதில் இன்னும் வரவில்லை. பெட்டியில் பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதில் மில் தொழிலாளர்களின் பத்து ரூபாய்த் தாள்களே அதிகம்.

லூக்கா 13-இல் நம் ஆண்டவர் சொன்ன அத்திமரத்தின் உவமையில் இந்த இரக்கமும் இந்தக் கண்டிப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. தோட்டக்காரன் மரத்துக்காகக் கெஞ்சுகிறான். வெறுமனே கெஞ்சவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுகிற வேலையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். ஒரு வருஷம் என்று எல்லையும் வைக்கிறான். உழைப்பில்லாத தவணை வெறும் தாமதமாய் முடியும். எல்லையில்லாத தவணையோ, பிறர் உயிரை வைத்து ஆடுகிற சூதாட்டமாகிவிடும்.

வரலாறு உண்டு என்பதற்காகவும் எதையும் காத்துவிட முடியாது. மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டான். ஒரு காலத்தில் உயிர் காத்தது, பிற்காலத்தில் ஜனங்களைக் கெடுக்கத் தொடங்கியபோது, அதன் பழம்பெருமை அதற்குப் பரிந்து பேசவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பழைய ராட்டினம் இருக்கலாம். அது பள்ளிக்கூடத்து ஊஞ்சலாகவோ, பூங்காவின் சறுக்குமரமாகவோ, ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனாகவோ, உங்கள் வீட்டு மாடியின் தளர்ந்த கைப்பிடியாகவோ இருக்கலாம். இந்த வாரத்தில் அதனிடம் போய்க் கைவைத்துப் பாருங்கள். செப்பனிட முடிந்தால் செலவைப் பகிர்ந்துகொண்டு செப்பனிடுங்கள். முடியாவிட்டால் அதை நம்பிப் பிழைத்தவர்களைக் கைவிடாமல், நன்றி சொல்லி மூடுங்கள். வர்ணம் பூசிவிட்டுக் கண்களை மூடிக்கொள்வதை மட்டும் செய்யாதிருங்கள்.

நம்மை நம்பி ஏறுகிற சிறு பிள்ளைகளுக்காக விழித்திருக்கும் மனதைக் கர்த்தர் தாமே நமக்கு அருளுவாராக. ஆமென்.