இரு கோடுகள் சந்திக்குமிடம்

இலக்கியம் பயிலும் மாணவனுக்குச் சமன்பாடுகளோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். என் தந்தையார் புகைவண்டி ஓட்டுநர். அவர் பணிபுரியும் பகுதியிலே இருப்புப்பாதை ஒன்றே. எதிரெதிராக வரும் வண்டிகளும் அதன்மீதே செல்லல் வேண்டும். ஆதலின், இரு சமன்பாடுகளை வரைபடத்தால் தீர்க்கும் முறை, பள்ளியிலே கற்ற நாள் முதல் எனக்கு வெறுங் கணக்காகத் தோன்றியதில்லை.

வரைபடத் தாளில் கிடைக்கோட்டிலே நேரத்தையும் நிலைக்கோட்டிலே தூரத்தையும் குறித்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு ஓரூரினின்று புறப்பட்டு மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் சீராகச் செல்லும் வண்டி, மேல்நோக்கிச் சாய்ந்த நேர்கோடாகும். 120 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து 7 மணிக்குப் புறப்பட்டு அதே வேகத்தில் எதிரே வருவது கீழ்நோக்கிச் சாயும். 6 மணி முதற் கழிந்த மணிகளை எண்ணின், முதலாவது, தூரம் = 40 × நேரம்; இரண்டாவது, தூரம் = 160 − 40 × நேரம். கோடுகள் வெட்டுமிடம் 8 மணி, 80-ஆவது கிலோமீட்டர். இரண்டிற்கும் ஒருங்கே பொருந்தும் விடை அதுவே.

விடை சரியே, ஆயினும் அவ்விடத்தில் நிலையம் இல்லையேல் அதனை ஏற்றல் இயலுமோ? ஒரு வண்டி ஒதுங்கி நிற்பதற்கான கிளைப்பாதை 90-ஆவது கிலோமீட்டரிலேதான் உண்டு என வைத்துக்கொள்வோம். இரண்டாங் கோட்டை அரைமணி வலப்புறம் நகர்த்துக. வெட்டும் புள்ளி 8.15 மணிக்கு அந்நிலையத்திலேயே வந்து அமைகின்றது! வண்டிகளின் கால அட்டவணையை அமைப்போர் இவ்வகைப் படங்களையே துணைக்கொள்வர். 1885-இல் பிரெஞ்சு அறிஞர் மாரே வெளியிட்ட நூலிலும் பாரிஸ்–லியோன் வண்டிகளின் ஓட்டம் இவ்வாறே தீட்டப்பெற்றுள்ளது. செங்குத்தை நெருங்கிய கோடு விரைவையும், கிடையான துண்டு நிலையத்தில் நிற்பதையும் காட்டும்.

இரு சமன்பாடுகளையும் கூட்டி நேரத்தை நீக்கினால், தூரம் 80 என நுட்பமாக விடை வரும். பென்சிலின் தடிப்பு அத்துணை நுட்பம் தராது. ஆகவே படத்திற் கண்டதைச் சமன்பாடுகளில் இட்டுச் சரிபார்த்தல் நம் கடன். எனினும் படத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒரே திசையில் ஒரே வேகத்தில் அடுத்தடுத்துச் செல்லும் வண்டிகள் இணைகோடுகளாய் ஒருபோதும் சந்தியா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிகின்றோம். விடை உண்டோ இல்லையோ, எதனை மாற்றினால் அது எங்கு நகரும் என்பதையும் படம் காட்டும்.

சிறு நிலையங்களில் வண்டி நெடுநேரம் நிற்கையில் பயணிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அக்காத்திருப்பு வரைபடத்திலே ஒரு சிறு கிடைக்கோடு. எதிர்வண்டி கடந்து செல்லும்வரை அது நீளும். அது நீள்வதாலன்றோ என் தந்தையார் வீடு திரும்புகின்றார்!