இழை எண்ணும் கண்ணுக்கு ஒரு கடல் வேலை

கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற வீடுகளில் சின்ன மடக்கு லென்ஸ் ஒன்று இருக்கும். துணிமேல் வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவார்கள். அப்படி எண்ணிப் பழகிய கண்ணை ஒருமுறை ராமேஸ்வரம் பக்கம் கூட்டிப் போங்கள்.

விடியும் முன் கிளம்பி தாராபுரம், மதுரை வழியாகப் போனால் மதியம் போல மண்டபம். பாம்பன் தாண்டி, குந்துகாலில் வனத்துறைப் படகு ஏறினால் குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று அது. படகில் எல்லோரும் மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளத்தையே தேடுவார்கள். பக்கத்துப் பாறையில் தோசை மாவு ஊற்றியது போலப் படர்ந்திருக்கும் பழுப்புத் திட்டை யார் பார்க்கிறார்கள்? அதுவும் பவளமாக இருக்கலாம். உயரமே இல்லாததால் அலைக்கு அவ்வளவு சீக்கிரம் ஒடியாது.

பாசியா, கடற்பஞ்சா, பவளமா? இளஞ்சிவப்பாக, குழியே இல்லாமல் பாறையோடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாசி. மெத்தென்று, அங்கங்கே ஓட்டை இருந்தால் கடற்பஞ்சு. கடுகளவு கிண்ணங்கள் நெருங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் சக்கரத்தின் ஆரம் போல் தகடுகள் தெரிந்தால் பவளம். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஓர் உயிர் குடியிருக்கிறது. 'சைபாஸ்ட்ரியா' என்ற வகையில் எண்ணிக்கைதான் அடையாளம்: பெரிய தகடுகள் 12 என்றால் பொதுவாக 'செரைலியா', 10 என்றால் 'மைக்ரோப்தால்மா'. உயிரோடு இருக்கையில் சதை மூடியிருக்கும். எலும்புக்கூட்டில்தான் எண்ண முடியும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பவளக் கூடுகள் இருக்கின்றன. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள்; பிள்ளைகள் நம்மை முந்திவிடுவார்கள்.

இந்தப் பக்கம் பவளத்துக்கு முருகைக்கல் என்று பெயர். ஒரு காலத்தில் வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். அரணாக நின்ற பாறை போனதும் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001 முதல் பாறை கட்டும் பவளங்களுக்குப் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பு. கரை ஒதுங்கிய துண்டைக்கூட ஷோகேஸுக்கு எடுத்து வரக் கூடாது.

ஆடிக் காற்றில் தண்ணீர் கலங்கியிருக்கும். தை முதல் பங்குனிக்குள் போங்கள். காற்று பலமாக இருந்தால் படகு விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.