வெண்ணெய் ஊரின் வேலியில் ஒரு கருவண்டு... அதற்கு யார் நிதி தருவார்கள்?

ஊத்துக்குளி என்றதும் வெண்ணெய்தான் ஞாபகத்துக்கு வரும். ஈரோடு - திருப்பூர் ரயில் பாதையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வருகிறவர்கள் கதித்தமலை முருகனைக் கும்பிட்டு, அரைக் கிலோ வெண்ணெயோ நெய்யோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த முறை போனால் அவசரப்படாமல், காங்கேயம் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள்.

வழியெல்லாம் கிளுவை வேலி. முள்ளும் கொடியும் பின்னிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு நிற்கும். உள்ளே வருஷக்கணக்கில் ஏர் படாத மேய்ச்சல் நிலம், கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். இதற்குப் பெயர் கொறங்காடு. மானாவாரி பூமியில் மாடு வளர்க்கக் கொங்கு விவசாயிகள் கண்டுபிடித்த ஏற்பாடு. காங்கேயம் காளைகள் திடமாக வளர்ந்தது இந்த மாதிரி காடுகளில்தான்.

வேலி ஓரம் ஆவாரம்பூ பூத்திருந்தால் நின்று காது கொடுங்கள். 'ங்ங்ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கும். கட்டை விரல் பருமனில் ஒரு கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை உதறிக்கொண்டிருக்கும். பெயர்தான் வண்டு, உண்மையில் அது தேனீ இனம். காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும். ஆவாரைக்கும் கத்திரிக்கும் மகரந்தப் பையில் சின்னத் துளை மட்டும்தான் உண்டு. உப்பு டப்பாவைக் குலுக்குவதுபோல அதிர வைத்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். கருவண்டுக்கு அந்த வித்தை தெரியும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது! முருங்கைப் பூவுக்கும் கருவண்டுதான் முக்கியமான விருந்தாளி. கத்திரியும் முருங்கையும் இல்லாத சாம்பாரைக் கொங்கு நாட்டில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இன்னொரு விஷயம். உலகில் 20,000-க்கும் அதிகமான தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 சதவீதம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. ஏர் படாத கொறங்காடு அவற்றுக்கு வீட்டுமனை மாதிரி.

அந்த மனையைத்தான் இப்போது நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். கிளுவை இருந்த இடத்தில் கல்தூணும் கம்பியும், அதற்குப் பின்னால் வண்ணக் கொடி நட்ட லே-அவுட்டும் வந்துவிடுகின்றன. கம்பி வேலியில் பூ ஏது?

'மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகளைக் காப்பாற்ற நிதி வாங்கலாமே' என்று வேலி ஓரம் நின்றிருந்த ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஏனுங்க, வண்டுக்கெல்லாம் யாருங்க பணம் குடுப்பாங்க?" என்று சிரித்தார்.

கொடுக்கிறார்கள். 'தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம்' என்று மத்திய அரசு 2020-ல் 500 கோடி ரூபாய் அறிவித்தது. காதி கிராமத் தொழில் ஆணையம் 2017 முதல் தேனீப் பெட்டிகள் தருகிறது. நல்ல திட்டங்கள்தான். ஆனால், எல்லாம் பெட்டியைச் சுற்றியே இருக்கின்றன. பெட்டியை எண்ணலாம், தேனை எடை போடலாம், பயனாளியோடு போட்டோ எடுக்கலாம். வேலியில் குடியிருக்கும் கருவண்டுக்கு விண்ணப்பத்தில் கட்டமே இல்லை. ஒரே இனத்தை நம்புவதில் ஆபத்தும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' வைரஸ் வந்தபோது தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் அழிந்தன.

திருப்பூரில் பணத்துக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனிகளின் ஆதரவோடு 'வனத்துக்குள் திருப்பூர்' 2015 முதல் லட்சக்கணக்கில் மரக்கன்று நட்டிருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனம், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால், அந்தப் பணம் நேராக விவசாயி கைக்கு வராது. 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்-1 பதிவுகள் உள்ள அறக்கட்டளையோ சங்கமோ நடுவில் வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டமும் அமைப்புகளுக்குத்தான். 1992-ல் தொடங்கிய அந்தத் திட்டம், இந்த மாதிரி உள்ளூர் முயற்சிகளுக்காகவே இருக்கிறது.

என்ன கேட்பது என்பதுதான் சிக்கல். 'எதையும் நடாமல், இருப்பதை வெட்டாமல் விட்டுவைக்கப் பணம் தாருங்கள்' என்று கேட்டால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் அதற்கும் கணக்குப் போட்டார்கள். உயிர்வேலியைப் பராமரித்தால் 100 மீட்டருக்கு இவ்வளவு என்று விவசாயிக்குப் பணம் தரும் திட்டம் அங்கே வந்தது. வேலியை மீட்டர் கணக்கில் அளக்க முடிந்தால், விண்ணப்பத்திலும் எழுத முடியும் அல்லவா?

அளப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊத்துக்குளி சாலையில் திருப்பூர் நோக்கி வந்தால் நஞ்சராயன் குளம். திருப்பூரின் இயற்கை ஆர்வலர்கள் பல வருடங்களாகப் பறவைகளைப் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதினார்கள். 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலுக்கும் போனது.

வண்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். இடமும் இருக்கிறது. 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்று ஒன்றும் இருக்க வேண்டும். எந்த வேலியில் என்ன பூ, எந்தப் பூவில் என்ன வண்டு என்று பள்ளிப் பிள்ளைகளே செல்போனில் படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லலாம். மானியம் கேட்டுப் போகும்போது முதலில் மேஜையில் வைக்க வேண்டிய காகிதம் அதுதான்.

நீங்கள் போகிற நாளில் வெயில் ஏறுவதற்குள் போனால் கருவண்டு கண்ணில் படும். கொறங்காட்டுக்குள் நுழைய ஆசைப்பட்டால் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது படலை மறக்காமல் சாத்திவிடுங்கள். உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.