மண்ணுக்குள் கிடைத்த ரூபாய் யாருடையது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கீழே கிடந்த பொருளைப் பற்றி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். அது வைக்கப்பட்டிருந்த பையையும், அதைக் கட்டியிருந்த கயிற்றையும் முதலில் நன்றாக அறிந்துகொள்ளுமாறும், பின்னர் ஓராண்டுக் காலம் மக்களிடையே அறிவிக்குமாறும் அண்ணலார் பணித்தார்கள். ஸைத் பின் காலித் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் வரிசையைக் கவனியுங்கள். பொருளின் அடையாளம் முதலில் வருகிறது. அதைப் பயன்படுத்தும் பேச்சு கடைசியில்தான் வருகிறது. பழைய நாணயம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கும் இந்த வரிசையே பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் குடும்பம் நேரில் கண்டது.

என் தம்பி மகன் காவேரிப்பாக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறான். மண்ணில் புதைந்துபோன பழைய இரும்புக் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, உலோகம் காட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். குழாய் அகப்பட்டது. வரப்போரத்தில் கருவி மீண்டும் ஒலித்தது. ஒரு முழ ஆழத்தில் கறுத்த வட்டமான காசு ஒன்று கிடைத்தது. அதைத் தாளில் மடித்து, உருது படித்தவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்தான்.

அதற்குள் அவன் இரண்டு விலைகளைக் கேட்டறிந்திருந்தான். நகைக்கடைக்காரர் ஒருவர் எடை போட்டு வெள்ளியின் விலையைச் சொல்லியிருந்தார். கைப்பேசியில் வந்த விளம்பரமோ பல இலட்சம் என்றது; ஆனால் முதலில் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டுமாம். பழைய நாணயங்களை வாங்கி விற்பதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாமென்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருந்ததை அவனுக்கு எடுத்துக் கூறினேன். மகனின் கல்லூரிக் கட்டணம் அவன் தலைமேல் இருந்தது. “பெரியத்தா, புதையலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் மீதி நமக்கு ஹலால்தானே?” என்று கேட்டான்.

அவன் கேள்விக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ரிகாஸ் எனப்படும் புதையலில் ஐந்தில் ஒரு பங்கு கடமை என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக நபிமொழி வந்துள்ளது. ஆனால் எது ரிகாஸ்? இஸ்லாத்துக்கு முந்திய காலத்தவர் புதைத்த செல்வமே ரிகாஸ் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் பலரின் விளக்கம். முஸ்லிம் அரசரின் பெயர் போன்ற இஸ்லாமியக் காலத்து அடையாளம் பொறித்த காசு கிடைத்தால், அது லுகதா, அதாவது உரியவர் தவறவிட்ட பொருள் என்று அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். ஆகவே அந்தக் காசில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமல் அவனுக்கு விடை சொல்ல இயலாது.

புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க நான் விடவில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு அது அழகு. பழங்காசுக்கு அது அழிவு. காலம் பூசிய கறுப்புப் படலம் போனால் நாணயம் சேகரிப்போர் பாதி மதிப்பும் தர மாட்டார்கள். வெறும் நீரில் மண்ணை மட்டும் அகற்றி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தோம். காந்தம் இழுக்கவில்லை. எடை ஒரு தோலாவை, அதாவது 11.66 கிராமை, நெருங்கி நின்றது. விளிம்பில் அச்சு வார்ப்பின் பொருத்துக் கோடு தென்படவில்லை. வார்த்தெடுத்த போலிகளில் அக்கோடு அடிக்கடி காணப்படும்.

எழுத்து பாரசீகம். ஒரு புறத்தில் காஸி பாதுஷா ஆலம்கீரின் நற்பேறுடைய நாணயம் என்ற பொருளில் வாசகமும் 1172 என்னும் எண்ணும் இருந்தன. மறுபுறத்தில் அச்சிட்ட இடம் ஆர்க்காடு என்றும், ஆட்சியாண்டு 6 என்றும் இருந்தன. அருகே சிறிய தாமரை.

ஆலம்கீர் என்றதும் ஔரங்கசீப் என்று எண்ணத் தோன்றும். அப்படிச் சொல்லி விலை ஏற்றுவோரும் உண்டு. எண்தான் உண்மையைக் காட்டுகிறது. ஹிஜ்ரி ஆண்டில் நூற்றுக்கு மூன்று கழித்து 622-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஹிஜ்ரி 1172 என்பது 1758–59. ஔரங்கசீப் 1707-லேயே மறைந்துவிட்டார். இவர் 1754 முதல் 1759 வரை தில்லி அரியணையில் இருந்த இரண்டாம் ஆலம்கீர். இந்தக் கணக்கும் எல்லாக் காசுக்கும் ஒத்துவராது. திப்பு சுல்தான் பிற்காலத்தில் வெளியிட்ட காசுகளில் 1215 முதலான எண்கள் காணப்படும். அவற்றை ஹிஜ்ரி என்று கொண்டால் 1799-இல் ஷஹீதான மன்னர் 1800-க்குப் பிறகு காசு அடித்ததாக முடியும். அவை அவர் ஏற்படுத்திய மவ்லூதி ஆண்டுகள். எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

ஊரில் வேறொரு கதையும் கிளம்பியது. 1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில் கிளைவின் படைக்கும், சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த படைக்கும் இரவில் கடும்போர் நடந்தது. அப்போரில் சிப்பாய் எவனோ தவறவிட்ட காசு என்றார்கள். காசில் பெயர் உள்ள மன்னர் பட்டத்துக்கு வந்ததே போருக்கு இரண்டாண்டு கழித்து. ஆகவே அக்கதை நிற்கவில்லை.

1758–59 என்பதும் அது அச்சான ஆண்டன்று. ஆர்க்காட்டு ரூபாயை அடிக்கும் உரிமையைப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் 1736-லும், சென்னை ஆங்கிலேயர் 1742-லும் நவாபிடம் பெற்றனர். பிரெஞ்சுக் காசில் பிறை இருக்கும்; சென்னைக் காசில் தாமரை இருக்கும். மக்கள் நம்பிப் பழகிய காசின் முகத்தை மாற்ற விரும்பாத கம்பெனியார், மன்னர் இறந்த பின்பும் அதே பெயரையும் 1172 என்ற அதே எண்ணையும் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டே இருந்தனர். கையால் அடித்த காசில் அச்சு பெரிதாகவும் தகடு சிறிதாகவும் இருப்பதால் வாசகம் பாதிதான் விழும். எங்கள் காசு சீரான வட்டம், வாசகம் முழுமை, விளிம்பைச் சுற்றிலும் வரிகள். அது இயந்திரத்தில் அடித்தது. ஆக, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நாணயச்சாலையிலிருந்து வந்தது. பெயர் முகலாய மன்னருடையது, ஊர் ஆர்க்காடு, அடித்தது ஆங்கிலக் கம்பெனி.

மதிப்பும் இதிலிருந்தே தெளிந்தது. பழமை மட்டும் விலையாகாது. எத்தனை எஞ்சியுள்ளன, எந்நிலையில் உள்ளன என்பவையே விலையை முடிவு செய்யும். 1809-இல் இங்கிலாந்துக் கடற்கரையருகே மூழ்கிய அட்மிரல் கார்டனர் என்ற கப்பலில் சென்னைக்கு வர இருந்த கம்பெனிச் செப்புக்காசுகள் இருந்தன. 1980-களில் அவை இலட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. அதனால் இருநூறு ஆண்டுப் பழமை இருந்தும் இன்று எளிய விலைக்கே கிடைக்கின்றன. எங்கள் ரூபாயும் ஏராளமாக அடிக்கப்பட்ட வகை. வெள்ளியின் விலைக்குச் சற்று மேலே செல்லும். இலட்சங்களுக்கு அருகே செல்லாது. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் மண்டிகளில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவரிடம் ஆட்டின் வயதைச் சொல்லி விலை கேட்க முடியுமா?

இனி அவன் கேள்விக்கு வருவோம். முஸ்லிம் மன்னரின் பெயர் தாங்கிய, இருநூறு ஆண்டுக்கு முந்திய காசு ரிகாஸில் அடங்காது. ஐந்தில் ஒன்றைக் கொடுத்து மீதியை எடுத்துக்கொள்ளும் வழி அடைபட்டது. நிலமும் அவனுடையது அன்று. அதன் உரிமையாளர் வயது முதிர்ந்த ஓர் அம்மையார். எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டோம். விவரங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டென்றும், நிலத்துக்காரருக்குத் தெரியாமல் விற்பது எந்த வழியிலும் ஆகாதென்றும், நாட்டுச் சட்டம் கேட்பதை நிறைவேற்றுவதும் அமானிதமே என்றும் கூறினார்.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. பழைய உரிமையாளர் என்று எவரும் நிறுவாவிட்டால், கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் வேறு உடன்பாடு இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும் போகும். அரசு விரும்பினால் உரிய தொகை தந்து தானே எடுத்துக்கொள்ளும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் கருவியோடு தேடித் தோண்டுவதோ குற்றம்.

தம்பி மகன் அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்று காசைக் காட்டினான். “நீ சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லையே, தம்பி” என்றார் அவர். அடுத்த ஆண்டும் குத்தகை உனக்கே என்றும் சொன்னார். இருவர் பெயரும் சேர்ந்த கடிதம் ஆட்சியர் அலுவலகம் சென்றது. காசு கருவூலத்தில் இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தை உறவினர்கள் சிலர் கைமாற்றாகக் கொடுத்து உதவினோம்.

உங்கள் நிலத்திலோ பழைய வீட்டின் அடித்தளத்திலோ காசு கிடைத்தால், தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நிலத்துக்குரியவரிடமும் அரசிடமும் சொல்லுங்கள். விலையை அதன் பிறகு விசாரிக்கலாம். மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. நம் கைக்கு வருவதை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.